பசப்பாவின் விலங்குகள்

சிராங்கூன் என்ற பெயர் ஒரு பறவையிலிருந்து வந்தது என்பார்கள். மலாயில் 'பூரோங் ராங்கோங்'. சதுப்பு நிலத்தில் அசையாமல் நின்று மீனுக்குக் காத்திருக்கும் வழுக்கைத் தலைப் பெருநாரை அது. பெயருக்கு வேறு விளக்கங்களும் உண்டு. எனக்குப் பிடித்தது இதுதான். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை மாலை தோளோடு தோள் இடிக்க நடக்கிற கூட்டம், ஒரு நாரையின் பெயரில் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது.

நாரையோடு முடியவில்லை. கெர்பாவ் ரோடு, பஃபலோ ரோடு இரண்டுக்கும் ஒரே பொருள்தான்: எருமை. பக்கத்திலுள்ள கேகே மருத்துவமனையின் 'கேகே', கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இந்தப் பகுதியின் பெரிய தொழிலே கால்நடை வியாபாரம். கல்கத்தாவிலிருந்து வந்த யூத வியாபாரி பெலிலியோஸ் பெயரில் இன்றும் ஒரு தெரு இருக்கிறது. தமிழர்களும் வட இந்தியர்களும் மாடு மேய்த்தார்கள், பால் கறந்தார்கள், வண்டி ஓட்டினார்கள். ஃபேரர் பார்க்கில் 1843இலிருந்து 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்தது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மீன்தலைக் கறி சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் குதிரைகளை நினைப்பார்கள்?

இதே சிராங்கூன் சாலையில், 1920களில், ஓர் இந்தியரின் வீட்டில் விலங்குகளும் பறவைகளும் நிறைந்த ஒரு தோட்டம் இருந்தது. அந்த வீட்டுக்காரர் வில்லியம் லாரன்ஸ் சோமா பசப்பா. சிங்கப்பூரில் பொதுமக்கள் காசு கொடுத்துப் பார்த்த பழைய மிருகக்காட்சிசாலைகளில் பெரியது அவருடையது. நம்ம ஊர் தன் விலங்குக் கதையை வழக்கமாக 1973இல், மண்டாயிலிருந்து தொடங்கும். அதற்கு முந்தைய அத்தியாயம் பசப்பாவுடையது.

அதற்கும் முந்தையது புலி. 1831இல் சீனர் ஒருவரைப் புலி அடித்துக் கொன்றதாக அன்றைய பத்திரிகை எழுதியது. மிளகு, கம்பீர் தோட்டங்களுக்காகக் காட்டை வெட்ட வெட்ட, புலியும் கூலியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க நேர்ந்தது. 1835இல் கட்டடக் கலைஞர் கோல்மன் நில அளவை செய்துகொண்டிருந்தபோது ஒரு புலி பாய்ந்தது. கோல்மன் மேல் அல்ல, தியோடலைட் மேல்! அந்தக் காட்சியை ஜெர்மானிய ஓவியர் லாய்ட்டமன் பிறகு மரச்செதுக்குப் படமாக வரைந்தார். தேசிய கலைக்கூடத்தில் இருக்கிற புகழ்பெற்ற படம். பொறியியல் படித்தவன் என்ற முறையில் என் முதல் அனுதாபம் அந்தக் கருவிக்குத்தான். இரண்டாவது பார்வையில்தான் கோல்மனைச் சுற்றி அலறி விழுகிறவர்கள் கண்ணில் படுகிறார்கள். அவர்கள் இந்தியக் கைதிகள். 1825 முதல் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டு, இந்த ஊரின் சாலைகளையும் பாலங்களையும் போட்டவர்கள். சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர்களும் அதில் உண்டு. பின்னாளில் அதே கைதிகளில் சிலரைக் குழு குழுவாகப் பிரித்து, கையில் பழைய துப்பாக்கியைக் கொடுத்துப் புலி வேட்டைக்கும் அனுப்பினார்கள். கைதிகளுக்குப் பொறுப்பாக இருந்த மக்நேர் 1899இல் வெளியிட்ட புத்தகத்தில் இதைப் பெருமையோடு பதிவு செய்திருக்கிறார். புலித் தலைக்கு அரசாங்கம் தந்த வெகுமதி ஒரு கட்டத்தில் நூறு வெள்ளி வரை போனது. 1930 அக்டோபரில் சுவா சூ காங்கில் கடைசிக் காட்டுப்புலியும் சுடப்பட்டது. நூறு வருடத்தில் கதை முடிந்தது.

காட்டில் புலி குறையக் குறைய, கூண்டில் புலி கூடியது. 1875இல் பூமலையில் (தாவரவியல் பூங்காவை நம் பெரியவர்கள் இன்னமும் அப்படித்தான் சொல்கிறார்கள்) அரசாங்கமே ஒரு சிறு மிருகக்காட்சிசாலை தொடங்கியது. ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் ஒரு காண்டாமிருகத்தைக் கொடுத்தார், ஆஸ்திரேலியாவிலிருந்து கங்காரு வந்தது. செலவு கட்டுப்படியாகாமல் 1905இல் மூடினார்கள்.

ஆனால் விலங்குகள் சிங்கப்பூருக்கு வருவது நிற்கவில்லை. துறைமுகம் என்றால் ரப்பரும் ஈயமும் மட்டுமல்ல. சுமத்ரா, போர்னியோ, மலாயா, சயாம் காடுகளில் பிடித்த எல்லாம் இங்கே வந்து கைமாறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. அமெரிக்கர் ஃபிராங்க் பக் சிங்கப்பூரைத் தளமாக வைத்துக்கொண்டு விலங்கு பிடித்து விற்று, அதைப் புத்தகமும் சினிமாவும் ஆக்கிப் பணக்காரர் ஆனார். ஊராங் ஊத்தான், தேவாங்கு, மலைப்பாம்பு, சொர்க்கப் பறவை எல்லாவற்றுக்கும் இங்கே விலை இருந்தது. பசப்பா இந்த உலகத்தின் ஆள். அவர் விலங்கு நேசர் மட்டுமல்ல, விலங்கு வியாபாரியும்தான். இதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாடினால் அது பாதிக் கதை.

அவருடைய அப்பா ஹன்மா சோமப்பா, நிறைய நிலபுலன் வைத்திருந்த பணக்காரர். சாங்கிப் பக்கம் 'கம்பம் சோமப்பா' என்று ஒரு கிராமமே இருந்தது. கிராமம் போய்விட்டது, சாலை இருக்கிறது. நான் படித்த பல்கலைக்கழகத்தின் முகவரி, எண் 8, சோமப்பா ரோடு. படித்த காலம் முழுக்க அந்தப் பெயரைப் படிவங்களில் எழுதினேன். ஏதோ மலாய்ப் பெயர் என்ற நினைப்பில் வகுப்பில் பலர் அதைக் கடந்துபோனார்கள். சோமப்பா, பசப்பா எல்லாம் கன்னடச் சாயல் கொண்ட பெயர்கள். அதனால் 'தமிழர்' என்று சொந்தம் கொண்டாடாமல், 'இந்தியர்' என்றே எழுதுகிறேன். சிராங்கூன் சாலை என்றைக்குமே தமிழர்களுக்கு மட்டும் ஆனதாக இருந்ததில்லை.

வீட்டில் இடம் போதாமல் 1928இல் பசப்பா தன் விலங்குகளைப் பொங்கோலுக்கு மாற்றினார். தீவின் வடகிழக்கு முனை, கடலோரம், 27 ஏக்கர். மீனவர் குடிசைகள், ரப்பர் மரங்கள், பன்றிப் பண்ணைகள் தாண்டிப் போக வேண்டிய இடம். சுமார் 200 விலங்குகள், 2,000 பறவைகள். பத்திரிகைகள் அவரை 'விலங்கு மனிதர்' என்றே எழுதின. அவரிடம் ஆப்பாய் என்று ஒரு வங்கப் புலி இருந்தது. சங்கிலியில் பிடித்துக்கொண்டு கூடவே நடத்திக் கூட்டிப்போவார். வழக்கறிஞர் ரோலண்ட் பிராடெல் 1934இல் வெளியிட்ட சிங்கப்பூர் பற்றிய புத்தகத்தில் பசப்பாவையும் அவர் தோட்டத்தையும் எழுதியிருக்கிறார். ஒரு வெள்ளைக்கார கனவான், இந்தியர் ஒருவரின் முயற்சியை ஊரின் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றாக எழுதியது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் அல்ல.

சுவா சூ காங்கில் காட்டுப்புலி சுடப்பட்ட அதே சமயத்தில், தீவின் எதிர் மூலையில் ஒரு புலி சங்கிலியில் நடைபழகியது. இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் காலம் எனக்குக் கொஞ்சம் புரிகிறது. விலங்கு ஒன்று எதிரி, இல்லையென்றால் சொத்து. மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் உலகத்தில் மெல்ல முளைத்துக்கொண்டிருந்தது.

அது முளைத்த இடங்களில் ஒன்று தென்னாப்பிரிக்கா. இன்றைக்கு என் வயதுக்காரர்கள் போனஸ் வந்ததும் டிக்கெட் போடுகிற ஊர். விக்டோரியா அருவி, சோபே யானைகள், குரூகர் சிங்கங்கள் என்று போய்வந்தவர்கள் காட்டும் படங்களுக்கு அளவே இல்லை. குரூகர் தேசியப் பூங்கா சட்டப்படி உருவானது 1926 மே 31இல். அதற்கு முன் அது 1898 முதல் சாபி வேட்டை விலங்குக் காப்பகம். 1927இல் முதல் முறையாகப் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். அந்த வருடம் மொத்தமே மூன்று கார்கள், தலைக்கு அல்ல, காருக்கு ஒரு பவுண்டு கட்டணம். அடுத்த வருடம் பொங்கோலில் பசப்பா கதவு திறக்கிறார். ஒரே காலம், ஒரே ஆசை, நேரெதிர் ஏற்பாடு. பொங்கோலில் விலங்கு கூண்டுக்குள், மனிதன் வெளியே. குரூகரில் மனிதன் தகரக் கூண்டுக்குள், விலங்கு வெளியே.

குரூகரின் பரப்பு கிட்டத்தட்ட 19,500 சதுர கிலோமீட்டர். நம் முழுத் தீவையும் போல 26 மடங்கு. அவ்வளவு இடம் சும்மா கிடைக்கவில்லை. காப்பகத்தின் தலைமைக் காவலர் ஸ்டீவன்சன்-ஹாமில்டனுக்கு உள்ளூர் மக்கள் வைத்த பட்டப்பெயர் 'ஸ்குகுசா', பெருக்கித் தள்ளியவர் என்று பொருள் சொல்கிறார்கள். அவர் பெருக்கித் தள்ளியது அங்கே குடியிருந்த மக்களை. இன்று சுற்றுலாப் பயணிகள் தங்கும் முதன்மை முகாமின் பெயரும் அதுவே. 1969இல் வடக்கே மகுலேகே மக்களை நிறவெறி அரசு துப்பாக்கி முனையில் கிளப்பி, அவர்கள் நிலத்தையும் பூங்காவோடு சேர்த்தது. 1998இல் நிலம் அவர்களுக்கே திரும்பக் கிடைத்தது. அவர்கள் அங்கே திரும்பிக் குடியேறவில்லை. காடாகவே விட்டுவைத்து, அதன் வருமானத்தில் பங்கு பெறுகிறார்கள். எனக்குத் தெரிந்து ஒரு தேசியப் பூங்காவைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக நாகரிகமான கதை இது.

மலாயாவிலும் அதே பேச்சு அப்போது எழுந்தது. ஒருகாலத்தில் வேட்டைக்காரராக இருந்த தியடோர் ஹப்பேக், வனவிலங்கு ஆணையத்தின் சார்பில் 1932இல் நீண்ட அறிக்கை கொடுத்தார். அந்த வாதத்தின் விளைவுதான் பகாங், திரெங்கானு, கிளந்தான் சுல்தான்கள் ஒதுக்கிய காடு. அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா, இன்று தாமான் நெகாரா. சிங்கப்பூர் துறைமுகத்தில் விலங்கு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லும் குரல்களும் அதே பத்தாண்டில் வலுத்தன. பசப்பாவின் தோட்டம் புகழின் உச்சியில் இருந்தபோதே, அதன் அடியில் இருந்த தொழில் கேள்விக்குள்ளாகிக் கொண்டிருந்தது.

அதற்கு முன் போர் வந்துவிட்டது.

1942இன் தொடக்கம். ஜப்பானியப் படை ஜொகூரை நெருங்கிவிட்டது. பிரிட்டிஷ் ராணுவம் பொங்கோல் கரையைப் பாதுகாப்பு அரணாக்க நினைத்தது. பசப்பாவுக்குச் சொன்ன கெடு 24 மணி நேரம். அதற்குள் எல்லாவற்றையும் காலி செய்ய வேண்டும். குண்டு விழுந்துகொண்டிருக்கும் ஒரு தீவில் ஒரே நாளில் 200 விலங்குகளுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? அவரால் முடியவில்லை. ராணுவமே முடிவு செய்தது. பறவைகளையும் சாதுவான விலங்குகளையும் திறந்துவிட்டார்கள். ஆபத்தானவை என்று கருதியவற்றைச் சுட்டார்கள்.

பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியர் வடகிழக்கில்தான் இறங்குவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார். புதிதாக வந்த 18ஆம் டிவிஷனை அந்தப் பக்கம் நிறுத்தினார். பிப்ரவரி 7இல் ஜப்பானியர் ஒரு சிறு படையைப் புலாவ் உபினில் இறக்கிப் போக்குக் காட்டினார்கள், கணக்கு சரி என்று நம்ப வைக்க. மறுநாள் இரவு அவர்கள் உண்மையாக இறங்கியது வடமேற்கில், சாரிம்புன் கரையில். பொங்கோல் மிருகங்கள் செத்தது, வராத ஒரு தாக்குதலுக்காக.

ஒரு வாரத்தில் தீவு வீழ்ந்தது. பிப்ரவரி 28இல் அதே பொங்கோல் கடற்கரையில் 300 முதல் 400 வரையிலான சீனர்களை ஜப்பானிய ராணுவம் வரிசையாக நிறுத்திச் சுட்டது. அவர்களுக்காக இன்று அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அந்தக் கல்லை வைத்துப் பார்க்கும்போது விலங்குகளைப் பற்றிப் பேசுவதற்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனாலும் இரண்டு சாவுக்கும் முன்னால் ஒரே மாதிரி ஒரு வேலை நடந்திருக்கிறது. யாரோ ஒருவர் நின்று, இது ஆபத்தானது, இது ஆபத்தில்லாதது என்று பிரித்திருக்கிறார்.

பசப்பா 1943இல் இறந்தார். விலங்குத் தோட்டம் மறுபடி எழவில்லை.

இங்கே கொஞ்சம் இலங்கைப் பக்கம் போய்வர வேண்டும். கொழும்பில் வெள்ளவத்தையைத் தாண்டினால் தெகிவளை. அங்கே மிருகக்காட்சிச்சாலையும் பசப்பாவுடையது போலவே தொடங்கியது. 1920களில் ஜான் ஹாகன்பெக் என்ற ஜெர்மானிய வியாபாரி, ஏற்றுமதிக்கான விலங்குகளை வைத்திருக்க அமைத்த இடம் அது. 1936இல் நிறுவனம் திவாலானது. அப்போது இலங்கை அரசு அதை எடுத்துக்கொண்டது. ஒரு வியாபாரியின் கிடங்கு ஒரு நாட்டின் பொதுச் சொத்தானது. பொங்கோலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பூமலையில் கை சுட்டுக்கொண்ட காலனி அரசு, விலங்குத் தோட்டத்தைத் தனியார் பொழுதுபோக்காகவே பார்த்தது.

1960களின் கடைசியில், பொதுப் பயனீட்டுக் கழகத் தலைவர் ஓங் சுவீ லா, நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள காட்டில் ஒரு பகுதியை மக்களுக்கான விலங்கியல் தோட்டமாக்கலாம் என்று யோசித்தபோது, சிங்கப்பூரில் அந்த வேலை தெரிந்த ஆள் இல்லை. அவர்கள் கூப்பிட்டது தெகிவளையின் இயக்குநர் லின் டி அல்விஸை. கம்பிக்குப் பதிலாக அகழி, சிமென்ட் தரைக்குப் பதிலாக மரம் என்ற திறந்தவெளி வடிவம் அவர் கையால் மண்டாய்க்கு வந்தது. அந்த அகழி உத்தி 1907இல் ஹாம்பர்க்கில் கார்ல் ஹாகன்பெக் பிரபலமாக்கியது. தெகிவளை ஜானின் மாற்றாந்தாய் வழி அண்ணன்தான் அவர். 1973 ஜூன் 27இல் சுமார் 270 விலங்குகளோடு மண்டாய் திறந்தது. பிறகு 1994இல் நைட் சஃபாரி. அதன் வடிவமைப்பிலும் டி அல்விஸ் கை உண்டு. அங்கே நாம் டிராமில் உட்கார்ந்து இருட்டுக்குள் போகிறோம். 1927இல் குரூகருக்குள் போன அந்த மூன்று கார்களின் பேரப்பிள்ளைதான் அந்த டிராம்.

தொடக்க காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. 1974 ஜனவரியில் காங்கோ என்ற நீர்யானை வேலியை உடைத்துக்கொண்டு சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் இறங்கி, ஒன்றரை மாதத்துக்கும் மேல் அங்கேயே குடியிருந்தது. ஊரே குடிக்கிற தண்ணீரில் ஓர் ஆப்பிரிக்க நீர்யானை! 32 வருடத்துக்கு முன் இதே தீவில் 24 மணி நேரக் கெடு வைத்தவர்களும் இருந்தார்கள், இந்த முறை பொறுமையாகக் காத்திருந்து பிடித்தவர்களும் இருந்தார்கள். அமைதிக்காலம் தருகிற மிகப் பெரிய வசதி, அவசரப்படாமல் இருக்க முடிவதுதான்.

மண்டாயின் முகமாக ஆனது ஆ மெங். சுமத்ராவில் பிறந்த பெண் ஊராங் ஊத்தான். கடத்தி வரப்பட்டு ஒரு வீட்டில் சட்டவிரோதமாக வளர்க்கப்பட்டு, 1971இல் மீட்கப்பட்டது. அதைப் பல்லாண்டு பார்த்துக்கொண்ட பராமரிப்பாளர் அழகப்பசாமி செல்லையா. சுற்றுலாத் துறையின் சிறப்புத் தூதர் விருது ஆ மெங்குக்கு 1992இல் கிடைத்தது. 2008 பிப்ரவரியில் அது இறந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் அஞ்சலிக்கு வந்தார்கள். பசப்பா காலத்தில் கப்பலேறியிருக்கக்கூடிய ஒரு குரங்கு, ஒரு தமிழர் கையில் வளர்ந்து நாட்டின் தூதராகச் செத்தது. நம் சமூகம் இந்தக் கதையில் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் முதலில் அழகப்பசாமியைச் சொல்வேன். பசப்பாவை அடுத்துத்தான்.

இதோடு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுதிவிடலாம். ஆனால் துறைமுகம் இன்னும் துறைமுகம்தான். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டில் சிங்கப்பூர் சேர்ந்தது 1986இல், அதுவும் அமெரிக்க நெருக்குதலுக்குப் பிறகு. 2019 ஜூலையில் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வியட்நாம் போக இருந்த கொள்கலன்களில் 8.8 டன் தந்தம் பிடிபட்டது, கிட்டத்தட்ட 300 யானைகள். கூடவே 11.9 டன் எறும்புத்தின்னிச் செதில். அடுத்த வருடம் ஆகஸ்டில் தந்தங்களை இயந்திரத்தில் போட்டு நொறுக்கினார்கள். 2022 அக்டோபரில் சாங்கி விமான நிலையத்தில், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து லாவோஸ் போக இருந்த ஒரு பயணியின் பையில் 34.7 கிலோ காண்டாமிருகக் கொம்பு. இருபது துண்டுகள். நாம் போனஸ் பணத்தில் அந்தப் பக்கம் பார்க்கப் போகிறோம். பார்க்கப் போன விலங்கு, துண்டு துண்டாக இந்தப் பக்கம் வருகிறது.

அதனால்தான் பசப்பாவை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். வீரராக அல்ல, வில்லனாகவும் அல்ல. விலங்கை நேசித்த, விலங்கை விற்ற ஒரு மனிதராக. இந்த நகரமும் அப்படித்தான். மண்டாயின் அகழிகளை மட்டும் நினைவில் வைத்து ரோச்சோர், பொங்கோல் கூண்டுகளை மறந்துவிட்டால், சாங்கியில் பிடிபடும் கொம்பு எங்கிருந்தோ வந்த விபத்து மாதிரித் தெரியும். அது விபத்து அல்ல, இருநூறு வருடத் தொழிலின் மிச்சம்.

வடகிழக்கு எம்ஆர்டி பாதை பசப்பா தன் விலங்குகளை இடம் மாற்றிய திசையில்தான் ஓடுகிறது. லிட்டில் இந்தியாவில் ஏறினால் ஃபேரர் பார்க், பூன் கெங், சிராங்கூன், ஹவ்காங் என்று பத்தாவது நிறுத்தம் பொங்கோல். வெளியே வந்தால் வீவக அடுக்குமாடிகள், அதன் பின்னால் கடல். முனைவரை நடந்தால் நினைவுக்கல் வரும், எதிரே புலாவ் உபின் தெரியும். 1942இல் திறந்துவிட்ட பறவைகளில் சிலவாவது அந்த நீரைத் தாண்டியிருக்கும் என்று நினைக்க ஆசையாக இருக்கிறது. பறக்கிற ஒன்றுக்கு அது அவ்வளவு தூரமில்லை.